கறுப்பு பீரும் கரிந்த பீப்பாயும்: ஓக்கில் ஊறிய இம்பீரியல் ஸ்டவுட்டைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி?

"இதில் விஸ்கி கலந்திருக்கிறார்கள்" என்றார் நண்பர், முதல் மடக்கை விழுங்கியதும். பக்கத்தில் இருந்தவர் கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு கறுப்பா இருக்கே, அதான் இந்த வீரியம்." மூன்றாமவர் பாட்டிலைத் திருப்பி லேபிளில் வருஷத்தைத் தேடினார். "நாலு வருஷப் பழசு. அப்போ அருமையாத்தான் இருக்கணும்."

மூன்றும் தவறு. ஆனால் ஓக் மரப் பீப்பாயில் ஊறிய இம்பீரியல் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மாதக்கணக்கில் பொறுமையாக இருந்து செய்த ஒரு பானத்தை "ஸ்ட்ராங்", "ஸ்மூத்" என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் முதலில் என்ன கேட்போம்? "உங்களுக்கு எந்த ஊர்?" கிளாஸிலிருந்து எழும் ஒவ்வொரு வாசனையிடமும் அதையே கேளுங்கள். வறுத்த தானியத்திலிருந்து வந்தாயா, ஈஸ்டிலிருந்தா, மரத்திலிருந்தா, பீப்பாயில் முன்பு இருந்த மதுவிலிருந்தா, காற்றிலிருந்தா? பெரும்பாலானவை இந்த ஐந்து ஊர்களுக்குள் அடங்கிவிடும். ஊர் தெரிந்துவிட்டால் நல்லது எது, குறை எது என்று பிரிப்பது பாதி முடிந்த மாதிரி.

கறுப்பு எங்கிருந்து, வீரியம் எங்கிருந்து?

கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவது நம் வீடுகளில் பழகிய வேலை. பீரும் அப்படித்தான் தொடங்குகிறது. தானியம் மட்டும் பார்லி. முளைவிட்டுக் காய்ந்த தானியத்துக்கு மால்ட் என்று பெயர். முளைவிடும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள், வெந்நீரில் ஊறும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்ற கொடியின் பூவோடு கொதிக்கவைத்தால் கசப்பு ஏறும். ஆறியதும் ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும். இதுதான் நொதித்தல்.

ஸ்டவுட்டுக்கு மால்ட்டில் ஒரு சிறு பங்கைக் காபிக்கொட்டை போலக் கருக வறுக்கிறார்கள். பெரும்பங்கு வெளிர் நிற மால்ட்தான். ஆனால் அந்தச் சிறு பங்கே மொத்தத்தையும் கறுப்பாக்கப் போதும். காபி, கசப்புச் சாக்லேட், கருகிய ரொட்டி ஓரம் ஆகிய வாசனைகளின் ஊரும் அதுதான்.

வீரியம் வேறு கணக்கு. ஈஸ்டுக்கு எவ்வளவு சர்க்கரை கிடைத்தது என்பதைப் பொறுத்தது அது. கன்னங்கரேலென்று இருக்கும் கின்னஸ் டிராட் என்ற ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம் அளவில்தான். தங்க நிறத்தில் மின்னும் டுவெல் என்ற பெல்ஜியத்து பீரில் 8.5 சதவீதம்.

இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு மால்ட்டை அள்ளிப் போடுகிறார்கள். பீர்ப் போட்டி நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் பிஜேசிபி என்ற அமைப்பு 1985 முதல் இயங்குகிறது. அதன் கையேடு இந்த வகைக்கு 8 முதல் 12 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறது. பீப்பாயில் ஊறியவை 13, 14 என்று அதையும் தாண்டிப் போகும். ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட சர்க்கரையும் நிறைய மிஞ்சுவதால் நாக்கில் பாகு போலக் கனக்கும்.

இம்பீரியல் என்றால் பேரரசுக்குரியது. பெயரில் உள்ள அந்தப் பேரரசு ரஷ்யப் பேரரசு. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற பழுப்பு பீர் கொடிகட்டிப் பறந்தது. அதில் வலுவானதை ஸ்டவுட் என்றார்கள். தேம்ஸ் நதியின் தென்கரையில், சவுத்வார்க்கில் இருந்த திரேல் குடும்பத்தின் ஆலை 1781இல் கைமாறி பார்க்ளே பெர்கின்ஸ் ஆனது. அந்த ஆலையின் வலுவான போர்ட்டர்தான் மகாராணி இரண்டாம் கேத்தரினின் அரண்மனைக்குக் கப்பலேறியது. ரஷ்யக் குளிரில் உறைந்துவிடாமல் இருக்கவே வீரியத்தைக் கூட்டினார்கள் என்ற கதையைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அதை நம்ப வேண்டாம். கூடுதல் ஆல்கஹால் உறைநிலையைச் சில டிகிரிதான் இறக்கும். அதோடு, பால்டிக் துறைமுகங்களே பனிக்காலத்தில் உறைந்து கிடக்கும். கப்பல்கள் போனது பனி விலகிய மாதங்களில்.

இலங்கையின் லயன் ஸ்டவுட்டைக் குடித்தவர்களுக்கு இந்த வறுவல் ருசி ஏற்கெனவே அறிமுகம். 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், சாக்லேட்டும் பேரீச்சம்பழமும் கலந்த வாசனை. அது பீப்பாயில் ஊறியதல்ல. அதனாலேயே ஒப்பிட்டுப் பழக நல்ல தொடக்கம் என்பேன்: மரம் சேருமுன் ஒரு கனத்த ஸ்டவுட் எப்படி இருக்கும் என்பதை நாக்கு தெரிந்துகொள்ளும்.

இதுவரை பார்த்தது: நிறம் வறுவலிலிருந்து, வீரியம் சர்க்கரையிலிருந்து. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது?

பிரித்துப்போட்ட பழைய போர்பன் விஸ்கிப் பீப்பாயின் பலகை ஒன்றை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கம் சாதாரண மரம். உட்பக்கம் முழுக்கக் கரி, முதலைத் தோல் போலக் கட்டங்கட்டமாக வெடித்திருந்தது. தடவியதும் விரலில் மை ஒட்டியது. குறுக்கே அறுத்த முனையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கரிக்கு அடியில் மரம் பழுப்பேறி, சில மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு செம்பழுப்புக் கோட்டோடு நின்றிருந்தது. அதற்கப்பால் பச்சை மரத்தின் வெளிர் நிறம். மது அந்தக் கோடு வரை உள்ளே போய் வந்திருக்கிறது. வெப்பத்தில் திரவம் விரிந்து மரத்துக்குள் இறங்கும். குளிரில் சுருங்கித் திரும்பும். திரும்பும்போது வெறுங்கையோடு வராது.

போர்பன் என்பது அமெரிக்க விஸ்கி. சோளம் குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். புதுப் பீப்பாய் என்று சட்டமே சொல்வதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி போர்பனுக்கு ஆகாது. சுமார் 200 லிட்டர் கொள்ளும் நல்ல பீப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இப்படி வெளியே வருகின்றன. ஸ்காட்லாந்துக்குப் போகின்றன, ரம்முக்குப் போகின்றன, பீர் காய்ச்சுபவர்களிடமும் வருகின்றன. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையில் கிரெக் ஹால் 1990களில் ஜிம் பீம் என்ற போர்பனின் காலிப் பீப்பாய்களில் இம்பீரியல் ஸ்டவுட்டை ஊற்றி வைத்தார். அப்படிப் பிறந்த போர்பன் கவுன்டி ஸ்டவுட்டைப் பார்த்துத்தான் இன்றைக்கு உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள்.

பழைய லண்டனிலும் பீர் மரப்பீப்பாயில்தான் இருந்தது. ஆனால் அன்று மரவாசனை பீரில் இறங்கினால் அது குறை. இங்கிலாந்தின் பீப்பாய்காரர்கள் வாசனை இறங்காத பால்டிக் ஓக்கைத் தேடி வாங்கினார்கள். அன்று ஒதுக்கியதை இன்று விரும்பிக் கேட்கிறோம்.

பீப்பாய் செய்யும் வேலை மூன்று.

முதல் வேலை, மரம் தன் சாரத்தைக் கொடுப்பது. மரத்தின் நார்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். நெருப்பில் அது உடையும்போது வெனிலின் பிறக்கிறது. வெனிலா ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதே மூலக்கூறுதான். மரத்திலுள்ள சர்க்கரைப் பொருட்கள் கருகிக் கேரமல் வாசனை தரும். அமெரிக்க வெள்ளை ஓக்கில் தேங்காய் வாசனை தூக்கலாக இருக்கும். கிராம்பில் இருக்கும் யூஜெனால் ஓக்கிலும் உண்டு. ஆக, தேங்காயும் கிராம்பும் மணந்தால் யாரோ அதையெல்லாம் போட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. (இப்போது உண்மையிலேயே வெனிலாவையும் தேங்காயையும் போட்டுச் செய்பவர்களும் இருக்கிறார்கள். லேபிளைப் படித்துவிட்டு முகர்வது நல்லது.)

இரண்டாவது, பழைய குடித்தனக்காரரின் வாசனை. பெருங்காயம் தீர்ந்தாலும் டப்பா மணக்கும். காலிசெய்த போர்பன் பீப்பாயின் பலகைகளுக்குள் லிட்டர் கணக்கில் விஸ்கி ஊறிக் கிடக்கும். பீர் உள்ளே வந்ததும் அது மெல்ல வெளியேறிப் பீரோடு சேர்கிறது. ஆல்கஹால் ஒன்றிரண்டு சதவீதம் கூடுவதும் பெரும்பாலும் இதனால்தான். என் நண்பர் சொன்ன "கலந்திருக்கிறார்கள்" என்பதில் இவ்வளவுதான் உண்மை. யாரும் பாட்டிலைக் கவிழ்க்கவில்லை, மரம் கொடுத்தது.

மூன்றாவது, காற்று. மண்பானை கசிந்து தண்ணீரைக் குளிர்விப்பதுபோல மரமும் மூச்சுவிடும். இழை இழையாகக் காற்று உள்ளே நுழைகிறது. அளவோடு நுழைந்தால் வறுவலின் முரட்டுத்தனம் அடங்கி, உலர்திராட்சை, பேரீச்சை போன்ற வாசனைகள் வரும். மிஞ்சினால் கெடும். எஃகுத் தொட்டியில் ஓக் துண்டுகளைப் போட்டு ஊறவைப்பவர்களும் உண்டு. அதில் மரத்தின் வாசனை கிடைக்கும், இந்த மூச்சு கிடைக்காது.

பெரும்பாலும் எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை ஊறவிடுகிறார்கள். ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு விதமாக வரும் என்பதால், கடைசியில் பலவற்றைச் சுவைத்துப் பார்த்து, பொருந்துபவற்றைக் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். காய்ச்சுபவரின் கைத்திறன் எனக்கு அதிகம் தெரிவது இந்த இடத்தில்தான்.

சுருக்கமாக, பீப்பாய் தருவது மரச் சாரம், பழைய மதுவின் மிச்சம், கொஞ்சம் காற்று. வெனிலாவும் தேங்காயும் மரம். விஸ்கியின் சூடு பழைய மது. உலர்பழம் பெரும்பாலும் காற்றும் காலமும்.

கசப்பு, துவர்ப்பு, எரிப்பு: மூன்றும் ஒன்றல்ல

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வாய் சுருங்கினாலும், தொண்டை எரிந்தாலும், நாக்கின் பின்பக்கம் கசந்தாலும் எல்லாவற்றையும் "கசக்குது" என்று சொல்லிவிடுகிறோம். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணி வளர்ந்த நமக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது.

பாகற்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அது கசப்பு. நாக்கின் சுவை மொட்டுகளில் படுகிறது, விழுங்கிய பிறகும் அடிநாக்கில் நிற்கிறது. இந்தப் பீரில் கசப்புக்கு இரண்டு ஊர்: ஹாப்ஸ், கருக வறுத்த மால்ட்.

இப்போது நாவற்பழம். தின்றதும் கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும், நாக்கு பற்களில் உரசும்போது சொரசொரவென்று இருக்கும். அது துவர்ப்பு. டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது. ஆகவே துவர்ப்பு நாக்கு அறியும் சுவை என்பதைவிட, வாய் முழுக்க உணரும் உராய்வு. ரொம்ப நேரம் கொதித்த டீயிலும், பாக்கிலும், பிஞ்சு வாழைக்காயிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஸ்டவுட்டில் டானின் வரும் முக்கிய ஊர் ஓக் மரம். தானிய உமியிலிருந்தும் கொஞ்சம் வரும்.

மூன்றாவது எரிப்பு. ஆல்கஹால் தொண்டையிலும் மார்பிலும் தரும் சூடு. சுக்குக் கஷாயம் குடித்ததும் நெஞ்சுக்குள் பரவும் இதமான சூடு போல இருந்தால் சரி. மூக்கில் குத்தி, தொண்டையில் அறுத்துக்கொண்டு இறங்கினால் குறை.

வீட்டிலேயே பழகலாம். ஒரு கிளாஸில் சர்க்கரையில்லாத டிகாக்ஷன், இன்னொன்றில் பத்து நிமிஷம் கொதித்த கறுப்பு டீ. இரண்டையும் மாறி மாறி ஒரு வாய் குடித்து, கசப்பு எங்கே நிற்கிறது, துவர்ப்பு எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். நான்கைந்து நாளில் நாக்குக்குப் பிடிபட்டுவிடும்.

கனத்த பீருக்குத் துவர்ப்பு அவசியம் என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவு மிச்சச் சர்க்கரைக்கு எதிர்ப்பக்கம் இழுக்க ஏதாவது வேண்டும். கசப்பும் இளந்துவர்ப்பும் அந்த வேலையைச் செய்யாவிட்டால் இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடும்.

கிளாஸில் ஊற்றிய பிறகு

முதலில் அளவு. 13 சதவீத ஸ்டவுட்டின் 330 மில்லி பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால், அதே அளவுள்ள 5 சதவீதச் சாதாரண பீர் பாட்டில்கள் சுமார் இரண்டரைக்குச் சமம். மூன்று பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், வண்டிச் சாவியை எடுக்காதீர்கள். ஆளுக்கு 100 மில்லி போதும். அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும், சுவைத்துப் பார்த்ததில் பொருள் இல்லை.

அடி பருத்து வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். வாசனை உள்ளேயே தங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடித்தால் பாதி போச்சு. 4 டிகிரியில் வாசனைகள் எழாது. இனிப்பு மங்கி, கசப்பும் துவர்ப்பும் முன்னால் நிற்கும். 10 முதல் 14 டிகிரி நல்ல எல்லை. எடுத்து வைத்துப் பொறுமையாக இருங்கள்.

நான் முதலில் குளிர்ச்சியாகவே ஊற்றி, அது சூடாக ஆக மாறுவதைக் கவனிப்பேன். போன முறை அப்படி உட்கார்ந்தபோது, ஊற்றியதும் பழுப்பு நுரை ஒரு விரல் கனத்துக்கு எழும்பி ஒரு நிமிஷத்தில் அடங்கியது. இவ்வளவு ஆல்கஹாலில் நுரை நிற்காது, அது குறையல்ல. முதல் முகர்தலில் ஆறிய காபி மட்டும். பத்து நிமிஷம் கழித்து வெனிலா எட்டிப் பார்த்தது. இருபதாவது நிமிஷம் கருப்பட்டிப் பாகு, அதற்கடியில் தேங்காய்ப் பத்தையின் பழுப்புத் தோல் போல ஒன்று. அரை மணிக்குப் பிறகு விஸ்கி முன்னால் வந்து உட்கார்ந்தது. ஆனால் காபி எங்கும் போய்விடவில்லை, பின்னாலேயே நின்றது. நல்ல பீர் என்று அப்போதுதான் முடிவுசெய்தேன்.

முகரும்போது மூக்கை உள்ளே நுழைத்து ஆழமாக இழுக்காதீர்கள், ஆல்கஹால் மூக்கைச் சுட்டுவிடும். வாயைக் கொஞ்சம் திறந்தபடி, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். பிறகு ஒரு சிறு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி அப்போதுதான் வருகிறது. வாயிலிருந்து வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. சந்தேகம் இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயை மென்று பாருங்கள், பிறகு மூக்கை விடுங்கள். வித்தியாசம் அந்த நொடியிலேயே தெரியும்.

மதிப்பெண் போடுவது

பிஜேசிபி நடுவர்களின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. கறுப்பைப் பார்த்து வியக்கும் நமக்கு அந்த 3 ஒரு நல்ல பாடம்.

நீங்கள் தாள் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி: பீர் இன்னும் இருக்கிறதா? மரமும் விஸ்கியும் மட்டும் தெரிந்து, அடியில் வறுத்த மால்ட் காணாமல் போயிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது தவறிய பீர்தான். குழம்பில் புளி தெரியலாம், புளி மட்டுமே தெரியக் கூடாது. புதிதாக அறுத்த பலகை வாசனை தூக்கலாக இருந்தால் மரம் இன்னும் பீரோடு சேரவில்லை என்று பொருள். விழுங்கி ஒரு நிமிஷம் கழித்து வாயில் என்ன மிஞ்சுகிறது என்றும் பாருங்கள். வெறும் இனிப்பா, வெறும் எரிச்சலா, அல்லது சாக்லேட்டும் மரமும் ஒன்றாக மெல்லத் தேய்கின்றனவா?

குறைகளின் ஊர்

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்று மிஞ்சிவிட்டது. சோயா சாஸ் போல உப்பும் கனமுமாக மணந்தால் முதுமை எல்லை தாண்டியிருக்கிறது. வினிகர் போல மூக்கில் ஏறும் புளிப்பு, காற்றோடு பாக்டீரியாவும் சேர்ந்து செய்த வேலை. தயிர் போன்ற புளிப்பு என்றால் வேறு பாக்டீரியா. 2015இல் வெளிவந்த போர்பன் கவுன்டி வகைகள் சிலவற்றில் இப்படித்தான் லாக்டோபேசில்லஸ் குடும்பத்து பாக்டீரியா புகுந்து புளிப்பேற்றியது. தயிரைப் புளிக்கவைப்பதும் அந்தக் குடும்பம்தான். 2016 தொடக்கத்தில் கூஸ் ஐலண்ட் குறையை வெளிப்படையாகச் சொல்லி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டிலிருந்து பீரைக் கொஞ்ச நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கிய பிறகே பாட்டிலில் அடைக்கிறார்கள். மரத்தின் துளைகளை முழுதாகச் சுத்தம் செய்ய யாராலும் முடியாது. எத்தனை அனுபவசாலியானாலும் இந்த அபாயம் கூடவே இருக்கும்.

அப்போ பழசானால் நல்லதா? பாட்டிலுக்குள் மரம் இல்லை. புதிதாக வெனிலாவோ தேங்காயோ அங்கே சேராது. ஓரிரு வருஷத்தில் ஆல்கஹாலின் முரட்டுத்தனம் தணியும், உலர்பழ வாசனை கூடும். அதே நேரத்தில் காபி வாசனையும் ஹாப்ஸின் கசப்பும் மங்கும். காபி சேர்த்துச் செய்தவற்றைப் புதிதாகவே குடித்துவிடுங்கள். மற்றவற்றில் இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றை இப்போதே திறந்து குறித்துவைத்து, இன்னொன்றை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நிற்கவைத்து அடுத்த வருஷம் திறப்பது என் பழக்கம்.

கடைசியாக ஒன்று. குடித்த கிளாஸை உடனே கழுவாதீர்கள். ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் ஆவியாகிப் போயிருக்கும், காபியும் பெரும்பாலும் போயிருக்கும். எளிதில் ஆவியாகாத வெனிலின் அங்கேயே இருக்கும். போன முறை என் கிளாஸில் அதோடு கொஞ்சம் புகையும், பழைய மர அலமாரியைத் திறந்தது போன்ற ஒரு வாசனையும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பலகையின் செம்பழுப்புக் கோடு வரை போய்த் திரும்பியது அதுதான்.